யார் குடும்பம்: நெய்யாற்றின்கரை எல்லையூர்களில் ஒரு சட்டச் சொல்லின் வரலாறு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் நோக்கிச் செல்லும் பழைய நெடுஞ்சாலை, நெய்யாற்றின்கரையைத் தாண்டி, அமரவிளையில் நெய்யாற்றைக் கடந்து, பாறசாலை வழியாக இஞ்சிவிளையை அடையுமிடத்தில் கேரளம் முடிகிறது. அடுத்துள்ள களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டு, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் விடப்பட்டபோது உருவான இந்த எல்லைக்கோடு, மொழியையோ உறவையோ முழுமையாகப் பிரித்துவிடவில்லை. வீட்டுக்குள் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும், சில வீடுகளில் அதற்கு நேர்மாறாகவும், பேசும் மக்கள் இருபுறமும் வாழ்கின்றனர். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் கோட்டைக் கடந்தே நடைபெறுகின்றன. ஆனால் யார் ஒருவருக்குக் குடும்பம், யார் வாரிசு, குழந்தைக்கு யார் காப்பாளர் என்னும் கேள்விகளுக்கு இந்தச் சிறிய நிலப்பகுதி கண்ட விடைகளின் எண்ணிக்கை வியப்பூட்டுவது. தன்பாலின இணையர், அதாவது ஒரே பாலைச் சேர்ந்த இருவர் துணைவராய் வாழ்ந்து குழந்தை வளர்க்கும் குடும்பங்கள் பற்றிய இன்றைய வழக்காடல் இந்தியக் குடும்பம் என்றுமே ஒரே வடிவினது என்ற எடுகோளின்மீது பெரிதும் நிற்பதால், அந்த விடைகளை வரிசையாகப் பார்ப்பது பயனுடையது.

2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு தாக்கல் செய்த பிரமாண வாக்குமூலம், தன்பாலின இணையரின் கூட்டு வாழ்வு, கணவன், மனைவி, அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகள் என்ற இந்தியக் குடும்ப அலகுடன் ஒப்பிடத்தக்கதன்று என்று வாதிட்டது. இவ்வெல்லைப் பகுதி அன்று அடங்கியிருந்த தென் திருவிதாங்கூரின் வரலாற்றை அறிந்த ஒருவருக்கு இந்த வாதம் சற்று வேடிக்கையாகவே படும். ஏனெனில் 1912 வரை அங்கே நாயர் குடும்பத்தில் கணவன் என்பவன் சட்டப்படி அந்தக் குடும்பத்தின் உறுப்பினனே அல்லன்.

மருமக்கத்தாயம், தமிழில் மருமக்கள்வழி, என்பது பெண்வழியாக வாரிசுரிமை செல்லும் முறையாகும். தந்தையின் சொத்து மகனுக்குச் செல்லும் மக்கத்தாயத்துக்கு, அதாவது மக்கள்வழிக்கு, மாறாக, இதில் ஒருவனுடைய உரிமை அவனுடைய சகோதரியின் மக்களுக்குச் செல்லும். அரச குடும்பமே இம்முறையைப் பின்பற்றியதால், வாரிசு யார் என்னும் சண்டை இங்கே ஓர் உள்நாட்டுப் போராகவே வெடித்தது. 1729-இல் மன்னர் ராமவர்மா இறந்தபின், மருமகனான மார்த்தாண்டவர்மாவுக்கு எதிராக மன்னரின் மகன்களான தம்பிமார் ஆட்சியுரிமை கோரினர்; பிரபுக்களான எட்டுவீட்டில் பிள்ளைமார் அவர்களுக்குத் துணைநின்றனர். துரத்தப்பட்ட இளவரசன் நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர்பிழைத்ததாகச் சொல்லப்படும் கதைக்குச் சான்றுபோல் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் ‘அம்மச்சி பிலாவு’ என்ற பெயரில் அம்மரம் போற்றப்பட்டு வருகிறது. கதையின் உண்மை எதுவாயினும், அதன் உட்பொருள் தெளிவு: மன்னனின் இரத்தத்தில் பிறந்த மகன் அங்கே கலகக்காரன், சகோதரியின் மகனே நியாயமான வாரிசு.

இந்த முறையின் அடிப்படை அலகு தறவாடு எனப்பட்டது. ஒரு மூதாட்டியின் பெண்வழியில் தோன்றிய அனைவரும், அவருடைய மகள்கள், மகள்களின் மக்கள், மகன்கள் ஆகியோர், ஒரே கூரையின் கீழோ ஒரே சொத்தின் கீழோ அடங்கினர். மூத்த ஆண் காரணவர் என்ற பெயரில் சொத்தை நிர்வகித்தார். ஏனையோர் அனந்தரவர் எனப்பட்டனர். ஒரு பெண்ணும் அவள் வழித்தோன்றல்களும் சேர்ந்த உட்பிரிவுக்குத் தாவழி என்று பெயர். ஆணும் பெண்ணும் கூடி வாழும் உறவு சம்பந்தம் எனப்பட்டது. ஒரு முண்டு கொடுத்து ஏற்படுத்தப்பட்ட அவ்வுறவை இருவரில் எவரும் முறித்துக்கொள்ளலாம். வடக்கே மலபாரின் பல பகுதிகளில் கணவன் மனைவியின் வீட்டுக்கு வந்துபோகிறவனாக இருந்தான். தெற்கே, குறிப்பாக நாஞ்சில் நாட்டை ஒட்டிய பகுதிகளில், மனைவி கணவன் வீட்டில் வாழ்ந்த வழக்கமும் உண்டு. எங்கே வாழ்ந்தாலும் பிறந்த குழந்தைக்கு உணவும் உடையும் கல்வியும் தரும் கடமை தாயின் தறவாட்டைச் சேர்ந்ததேயன்றித் தந்தையைச் சேர்ந்ததன்று. ஒரு குழந்தையை வளர்த்தவர்கள் தாய், தாயின் சகோதரிகள், பாட்டி, அம்மாவன் எனப்படும் தாய்மாமன் ஆகியோர். அக்குழந்தையின் அன்றாட உலகில் ‘பெற்றோர்’ என்னும் இருவர் கொண்ட ஓர் அலகு சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை.

இன்னொரு கூறும் கவனிக்கத்தக்கது. பெண்வழி அற்றுப்போகும் நிலை வந்தால் தறவாடு பெண்களைத் தத்தெடுத்தது. மகனைத் தத்தெடுத்துப் பிதிர்க்கடன் தீர்க்கும் பொது இந்து முறைக்கு இது நேர்மாறானது. அரண்மனையிலும் இதுவே நடந்தது: 1900-இல் மாவேலிக்கரை அரச குடும்பத்திலிருந்து சேது லட்சுமி பாய், சேது பார்வதி பாய் என்னும் இரு சிறுமிகள் தத்தெடுக்கப்பட்டு, பின்னர் அவர்களில் ஒருவரின் மகனே திருவிதாங்கூரின் கடைசி மன்னரானார்.

இதையெல்லாம் தன்பாலினக் குடும்பத்தின் முன்வடிவம் என்று சொல்வது பிழை. தறவாட்டின் பெண்கள் துணைவியர் அல்லர். அவர்களைச் சேர்த்து வைத்தது தாய்வழி இரத்தமும் நிலமும் சாதிக் கட்டுப்பாடும். காரணவரின் கொடுங்கோன்மை குறித்த முறையீடுகள் நீதிமன்றங்களை நிறைத்தன. பெண்ணின் வழியாகச் சொத்து சென்றாலும் அதை ஆண்டவன் ஆண். சொல்லத்தக்கது இதைவிடக் குறுகியது, ஆனால் உறுதியானது: கணவனும் மனைவியும் அவர்தம் குழந்தைகளும் என்ற வடிவத்துக்கு வெளியே பிறந்து வளர்ந்த குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகச் சட்டப்படியான வாரிசுகளாகவே இருந்தனர்.

மருமக்கள்வழி நாயர்களுக்கு மட்டும் உரியதன்று என்பதைத் தமிழ் வாசகர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் வழியே நன்கறிவர். தமிழ் பேசும் நாஞ்சில் நாட்டு வேளாளரும் இம்முறையைப் பின்பற்றினர். மனைவியும் மக்களும் ஆணின் வீட்டிலேயே வாழ்ந்து, அவன் இறந்தபின் மருமகன் வந்து சொத்தைக் கைக்கொள்ளும்போது அவர்கள் வெளியேற நேர்ந்த நிலை, தாய் வீட்டுத் தறவாட்டில் வாழ்ந்த நாயர் பெண்ணின் நிலையைவிடக் கடுமையானது. உகந்துடைமை என்ற பெயரில் மக்களுக்குக் கிடைத்த ஒரு சிறு பங்கு அதை ஈடுசெய்யவில்லை. 1917-18-இல் ‘தமிழன்’ இதழில் வெளிவந்த கவிமணியின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவியின் வாய்மொழியாக இந்த அவலத்தை எள்ளலுடன் கூறியது. ஒரு குடும்ப முறை இயற்கையானதா, தொன்மையானதா என்ற கேள்வியை அந்நூல் பொருட்படுத்தவில்லை. அதன்கீழ் வாழ்பவர் படும் பாட்டையே அளவுகோலாக எடுத்துக்கொண்டது. தமிழில் குடும்பச் சட்டம் பற்றி எழுந்த விவாதங்களில் இதைவிடக் கூர்மையான தொடக்கத்தைக் காண்பது அரிது.

சட்டம் மாறிய விதம் இங்கே சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. பிரிட்டிஷ் மலபாரில், சம்பந்தம் சட்டப்படியான திருமணம் அன்று என்று நீதிமன்றங்கள் கருதிய நிலையில், நீதிபதி டி. முத்துசாமி ஐயர் தலைமையில் 1891-இல் மலபார் திருமண ஆணையம் அமைக்கப்பட்டது. சாட்சியம் அளித்தவர்களில் பலர், வழக்கத்தில் நன்றாக இயங்கும் ஒன்றுக்குச் சட்டம் எதற்கு என்று கேட்டனர். 1896-இல் வந்த மலபார் திருமணச் சட்டம் விரும்பியவர் சம்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ள வழிசெய்தது. பதிவு செய்தவர் மிகச் சிலரே. திருவிதாங்கூர் வேறு வழியில் சென்றது. 1908-இல் மருமக்கத்தாயக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாகக் கொல்லம் ஆண்டு 1088-இல், அதாவது 1912-இல், வந்த நாயர் ஒழுங்குமுறைச் சட்டம் சம்பந்தத்தை முதன்முறையாகச் சட்டப்படியான திருமணமாக ஏற்று, ஆண் தானே ஈட்டிய சொத்தில் பாதியை மனைவிக்கும் மக்களுக்கும் உரித்தாக்கியது. மறு பாதி மருமக்களுக்கு என்றே தொடர்ந்தது. கொல்லம் 1100-இல் (1925) வந்த இரண்டாம் சட்டம் தறவாட்டுச் சொத்தை ஆளோகரியாக, அதாவது ஆளுக்கு ஒரு பங்கு வீதம், பிரித்துக்கொள்ள உரிமை வழங்கியது. அதே ஆண்டில் ஈழவர்க்கும், கொல்லம் 1101-இல் நாஞ்சில் நாட்டு வேளாளர்க்கும் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. வந்துபோகிறவனாக இருந்த தந்தை வாரிசுரிமை தருபவனாக மாறுவதற்கு 13 ஆண்டுகளே பிடித்தன. சட்டம் குடும்பத்தை மாற்றியதா, மாறிவிட்ட குடும்பத்தைச் சட்டம் பின்தொடர்ந்ததா என்பதில் வரலாற்றாளர்கள் வேறுபடுவர். ஆனால் ஆங்கிலக் கல்வி பெற்று, அரசுச் சம்பளம் வாங்கத் தொடங்கிய இளைஞர்கள் தம் வருவாய் தம் மக்களுக்குச் சேரவேண்டும் என்று கேட்டதே இதன் உடனடி உந்துவிசை என்பதில் ஐயம் இல்லை. குடும்பம் புனிதமானது என்ற சொல்லாடல் பின்னால் வந்தது. சம்பளம் முன்னால் வந்தது.

நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் பெரும்பகுதி மக்கள் தறவாட்டுக்காரர் அல்லர் என்பதையும் மறக்கலாகாது. நாடார்கள் மக்கள்வழியினர். மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டத்தின் ஊடாகவும், லண்டன் மிஷனரி சங்கத்தின் பள்ளிகளின் வழியாகவும் தம் நிலையை மாற்றிக்கொண்ட அவர்களில் கணிசமானோர் சீர்திருத்தக் கிறித்தவராயினர். பாறசாலை, ஜான் ஆப்ஸ் போன்ற பாதிரியார்கள் நெடுங்காலம் பணியாற்றிய மிஷன் மையங்களில் ஒன்று. இவர்களுக்கும் 1916-இல் (கொல்லம் 1092) தனி வாரிசுரிமைச் சட்டம் வந்தது. திருவிதாங்கூர்க் கிறித்தவ வாரிசுரிமைச் சட்டம் எனப்படும் அது, மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதையே மகளுக்கு வழங்கியது. பின்னாளில் மேரி ராய் வழக்கால் புகழ்பெற்ற இந்தச் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு விலக்கு உண்டு. ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கமுடைய சீர்திருத்தக் கிறித்தவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு பொருந்தாது என்று கூறி, அவ்வழக்கம் உள்ள இடங்களாகக் கருநாகப்பள்ளி, கொல்லம், சிறையின்கீழ், திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை உள்ளிட்ட தாலுகாக்களை அது பெயர் சுட்டிக் குறிப்பிட்டது. மகளுக்குக் கால்பங்கு என்று நாடு முழுமைக்கும் எழுதிய சட்டம், இந்த ஊர்களில் மக்கள் ஏற்கெனவே வேறுவிதமாக வாழ்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டு ஒதுங்கி நின்றது.

1956-இன் எல்லைக்கோடு இந்தச் சட்டப் பன்மையை ஒரு வேடிக்கையான நிலைக்குக் கொண்டுவந்தது. பழைய திருவிதாங்கூர்ச் சட்டம் இந்திய வாரிசுரிமைச் சட்டத்துக்கு இடம் கொடுத்து 1951-லேயே மறைந்துவிட்டதா, இல்லையா என்ற கேள்விக்குத் திருவிதாங்கூர்-கொச்சி உயர்நீதிமன்றம் 1950-களில் இல்லை என்று விடையளித்தது. 1978-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ஆம் என்று விடையளித்தது. இதனால் 1978-க்கும் 1986 பிப்ரவரியில் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஆம் என்று தீர்ப்பளிப்பதற்கும் இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில், ஒரே நாட்டில், ஒரே சாலையில், சில கிலோமீட்டர் இடைவெளியில் வாழ்ந்த இரு கிறித்தவ மகள்களுக்கு வெவ்வேறு சட்டம் பொருந்தியது. இந்துக்களின் நிலையும் ஏறத்தாழ அதுவே. 1975-இல் இயற்றப்பட்டு 1976 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த கூட்டுக் குடும்ப ஒழிப்புச் சட்டத்தின் வழியே கேரளம் கூட்டுக் குடும்பம் என்ற சட்ட வடிவத்தையே நீக்கியது. தறவாடும் அதனுடன் சட்டப் புத்தகத்தை விட்டு வெளியேறியது. தமிழ்நாடு கூட்டுக் குடும்பத்தை வைத்துக்கொண்டு, 1989-இல் மகளையும் பிறப்பால் பங்குடையவள் ஆக்கியது.

இந்தப் பின்புலத்தில்தான் இன்றைய தன்பாலினக் குடும்பங்களின் உரிமைக் கோரிக்கையை வைத்துப் பார்க்கவேண்டும். தன்பால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் பிடியை 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தளர்த்தி, வயது வந்தோர் இசைவுடன் கொள்ளும் உறவு குற்றமன்று என்றது. குற்றம் நீங்கியது, குடும்பம் என்ற தகுதி வரவில்லை. தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்புக் கோரிய சுப்ரியோ வழக்கில் 2023 அக்டோபர் 17 அன்று ஐந்து நீதிபதிகளும், திருமணம் செய்துகொள்வது அரசியலமைப்பு தரும் அடிப்படை உரிமை அன்று என்பதில் ஒன்றுபட்டனர். தத்தெடுப்பில்தான் அவர்கள் பிளவுபட்டனர். மத்தியத் தத்தெடுப்பு வள ஆணையத்தின் 2022-ஆம் ஆண்டு விதிகள், குறைந்தது இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்வு உடைய இணையருக்கே கூட்டாகக் குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்கின்றன. தலைமை நீதிபதி சந்திரசூடும் நீதிபதி கவுலும் இவ்விதி தன்பாலின இணையருக்கு எதிரான பாகுபாடு என்றனர். ஏனைய மூவரும் விதியைச் செல்லுபடியாக்கினர். மூன்றுக்கு இரண்டு என்ற அந்த எண்ணிக்கையில் விதி நிலைத்தது. 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடியாயின.

நடைமுறையில் இதன் விளைவு என்ன என்பதைப் பாறசாலையில் சேர்ந்து வாழும் இரு பெண்கள் என்னும் ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். அவர்களில் ஒருவர் தனிப்பெண் என்ற நிலையில் தத்தெடுக்கலாம். 2021-ஆம் ஆண்டு உதவிபெறு இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டத்தின்படி, தனிப்பெண் என்ற நிலையிலேயே மருத்துவ உதவியால் கருவுறவும் செய்யலாம். வாடகைத்தாய் முறை அவருக்கு மூடப்பட்டுள்ளது. அதே ஆண்டில் வந்த சட்டம் அதை மணமான இணையருக்கும், 35 முதல் 45 வயது வரையிலான கைம்பெண், மணமுறிவு பெற்ற பெண் ஆகியோருக்கும் மட்டுமே அனுமதிக்கிறது. குழந்தை வந்தபின் சட்டத்தின் பார்வையில் அதற்கு ஒரே தாய். மற்றவர் வீட்டில் குடியிருக்கும் அயலார். பள்ளிப் படிவத்தில் கையொப்பமிடவும், அறுவை சிகிச்சைக்கு இசைவு தரவும், பிறந்த குழந்தைக்கு வாரிசுரிமை வழங்கவும் அவருக்கு இயல்பான உரிமை இல்லை. பெற்ற தாய் உயில் எழுதாமல் இறந்தால், குழந்தையைக் கோரும் தாயின் பெற்றோருக்கு முன்னால், வளர்த்த தாய் 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்கீழ் மனுப்போட்டு நிற்கவேண்டும். ஆண் இணையரின் நிலை இதனினும் குறுகியது: தனி ஆணுக்குத் தத்தெடுப்பு விதிகள் பெண் குழந்தையைத் தருவதில்லை.

பழைய தறவாட்டில் பெற்றவள் இறந்தால் குழந்தை அநாதை ஆவதில்லை. சித்தியும் பெரியம்மையும் சட்டப்படி அதே குடும்பம். அந்த ஏற்பாட்டைத் தாங்கியது இரத்த உறவு. இன்றைய இரண்டாம் தாய்க்கு அது இல்லை என்பதுதான் இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு; வடிவத்தில் உள்ள விந்தை அன்று.

சமூக ஏற்பு சட்டத்தைவிட மெதுவாகவும், சில இடங்களில் அதைவிட முன்னதாகவும் நகர்கிறது. இவ்வட்டாரப் பேச்சில் தோழியைக் குறிக்கும் ‘கூட்டுக்காரி’ என்ற சொல் துணைவியையும் மறைத்துவைக்கப் போதுமான இடம் உடையது. அந்த மறைப்பே பாதுகாப்பாகவும் சுமையாகவும் இருக்கிறது. மறைப்பு நீங்கியபோது வீட்டார் பெண்களைப் பிரித்து அடைத்துவைத்ததும், அவர்களில் சிலர் தற்கொலையை நாடியதும் கேரளத்தில் பதிவான செய்திகள். 2000-களின் தொடக்கத்தில் உருவான சகயாத்ரிகா என்னும் அமைப்பின் முதற்பணிகளில் ஒன்று இத்தகைய மரணங்களை ஆவணப்படுத்தியது. 2022 மே மாதத்தில் கேரள உயர்நீதிமன்றம், ஆட்கொணர்வு மனுவின் பேரில், வீட்டாரால் பிரிக்கப்பட்ட இரு இளம்பெண்களைச் சேர்ந்து வாழ அனுமதித்தது. 2024-இல் இறந்துபோன துணைவரின் உடலுக்காக ஓர் ஆண் அதே நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது.

எல்லைக்கோட்டின் பழைய விளையாட்டு இங்கும் தொடர்கிறது. களியக்காவிளை சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வின் அதிகாரத்தில் உள்ளது. பாறசாலை எர்ணாகுளத்தில் உள்ள கேரள உயர்நீதிமன்றத்துக்கு உட்பட்டது. மதுரை அமர்வு 2019 ஏப்ரலில், இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. 2023 நவம்பரில் சென்னையில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், திருமணத்துக்கு வெளியே குடும்ப உறவை உறுதிசெய்யும் பதிவு ஆவணம் ஒன்றைக் கொண்டுவருவது பற்றித் தமிழ்நாடு அரசுக்குக் கருத்துரைத்தார். 2025 மே மாதத்தில் அதே நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, திருமணம் மட்டுமே குடும்பத்தை உண்டாக்கும் வழியன்று, தாமே தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற கருத்து நீதிநெறியில் ஏற்கப்பட்டதே என்று கூறியது. கேரள உயர்நீதிமன்றம் பிறப்புப் பதிவேட்டின் வழியே சென்றது: 2021-இல், மருத்துவ உதவியால் தனித்துத் தாயான பெண்ணிடம் தந்தையின் பெயர் கேட்கும் படிவத்தைக் கொடுக்கலாகாது என்றது, 2025 ஜூனில், கோழிக்கோட்டைச் சேர்ந்த ஒரு திருநர் இணையரின் குழந்தைக்குத் தாய், தந்தை என்று பிரிக்காமல் பெற்றோர் என்றே குறித்துச் சான்றிதழ் வழங்க ஆணையிட்டது. திருமணச் சட்டத்தைத் தொடாமல் ஒரு படிவத்தின் இரண்டு கட்டங்களை ஒன்றாக்கிய இந்த ஆணை, 1916-இல் நெய்யாற்றின்கரைக்குக் கிடைத்த விலக்கைப் போன்றது. வாழ்க்கை ஏற்கெனவே வேறுவிதமாக இருப்பதைக் கண்டு எழுத்து இடம்விட்டது.

ஒன்றிய அரசின் பக்கத்திலும் சிறு நகர்வுகள் உண்டு. சுப்ரியோ தீர்ப்பின்படி அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் 2024-இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதே ஆண்டில், சேர்ந்து வாழும் தன்பாலின இணையரை ரேஷன் அட்டைக்காக ஒரே குடும்பமாகக் கொள்ளலாம் என்றும், வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கவும் நியமனதாரராக ஒருவர் மற்றவரைக் குறிக்கவும் தடையில்லை என்றும் அறிவுரைகள் வெளிவந்தன. 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் ரேஷன் அட்டையில் வீட்டின் மூத்த பெண்ணையே குடும்பத் தலைவியாகக் குறிக்கச் சொல்வதால், தறவாட்டு மூதாட்டி ஒருவகையில் அரிசி வாங்கும் அட்டையில் திரும்பி வந்திருக்கிறார் என்று சொல்லத் தோன்றுகிறது. உலக அளவில் 2001-இல் நெதர்லாந்து தொடங்கிவைத்த தன்பாலினத் திருமணச் சட்டம் ஆசியாவில் 2019-இல் தைவானையும், 2025 ஜனவரியில் தாய்லாந்தையும் எட்டியது. தைவானிலும் கூட்டாகத் தத்தெடுக்கும் உரிமை திருமண உரிமையுடன் சேர்ந்து வராமல் 2023-இல்தான் வந்தது. குழந்தை என்று வரும்போது பல நாட்டுச் சட்டங்களும் ஒரு படி பின்வாங்கவே செய்கின்றன.

இப்போதைக்கு அந்த இரு பாறசாலைப் பெண்களிடம் எஞ்சியிருப்பது உயில். சொத்து யாருக்கு என்று எழுதலாம். இந்துவாயின், குழந்தைக்குத் தாம் இறந்தபின் காப்பாளர் யார் என்பதையும் அதிலேயே தாய் குறிப்பிடலாம். அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய இரண்டு சாட்சிகள் போதும். அவர்கள் உறவினராக இருக்கவேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை.